மூன்று மொழிக் கல்லும் சாட்சிக் கையெழுத்தும்

இலங்கையின் தென்கரையில் உள்ள காலி நகரத்தில், 1911-ஆம் ஆண்டு, தெருவோர மதகு ஒன்றின்மேல் மூடுகல்லாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த ஒரு பலகைக் கல்லை, அவ்வூரில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதன் முதுகின்மேல் எத்தனை கால்கள் நடந்துபோயிருக்கும், எத்தனை வண்டிகள் உருண்டுபோயிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல இனி யாராலும் ஆகாது. நடந்தவர்களுள் ஒருவருக்கும், தம் காலடியில் ஒரு பேரரசனுடைய காணிக்கைப் பட்டயம் மூன்று சமயங்களின் பெயரால் முகங்குப்புறக் கிடக்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. ஏறக்குறைய ஐந்தடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உள்ள அந்தக் கல்லின் தலைப்பகுதி வளைந்திருக்கிறது. அதில் சீனத்துப் பறவைநாகங்கள் இரண்டு செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் கீழே வலப்பாதி முழுவதும் மேலிருந்து கீழாக இறங்கும் சீன எழுத்து. இடப்பாதியின் மேற்பகுதியில் தமிழ். அதற்கும் கீழே, மிகவும் தேய்ந்துபோன நிலையில், அரபு லிபியில் எழுதிய பாரசீகம்.

இக்கல் வெட்டப்பட்டது இலங்கையில் அன்று. 1409-ஆம் ஆண்டு, மிங் வம்சத்து யோங்லெ சக்கரவர்த்தியின் ஆட்சியில், நான்சிங் நகரத்தில் வெட்டப்பட்டு, கடற்படைத் தலைவன் செங் ஹெயின் மரக்கலத்தில் ஏறிக் கடல் கடந்து வந்தது. சீனப் பகுதி புத்தபிரானைத் துதிக்கிறது. கடற்பிரயாணத்தில் தம் கப்பல்களைக் காத்ததற்கு நன்றி கூறி, இன்னின்ன பொருள்களைக் காணிக்கையாக வைக்கிறோம் என்று பட்டியலிடுகிறது. தமிழ்ப் பகுதி புத்தரைப் பற்றிப் பேசவில்லை; தென்னிலங்கைக் கரையில் தெனவரை என்னும் ஊரில் கோயில்கொண்ட, திருமாலின் மூர்த்தமாகிய தெனவரை நாயனாரைத் துதித்து, அவருடைய சந்நிதியில் இன்னின்ன பொருள்களை வைக்கிறோம் என்கிறது. பாரசீகப் பகுதியோ இவ்விருவரையும் விடுத்து, அல்லாவின் பெயரால் இஸ்லாமிய மார்க்கத்துக்கு உரிய காணிக்கையைச் சொல்கிறது. ஆயிரம் பொற்காசு, ஐயாயிரம் வெள்ளிக்காசு, பட்டுத் துகில்கள், தூபக்கால்கள், விளக்குகள், 2500 'காட்டி' என்னும் சீன எடையளவில் நறுமண எண்ணெய் என்று ஒரு பகுதியில் காணும் பட்டியலே, படிக்க முடிந்த அளவில், மற்றப் பகுதிகளிலும் ஏறக்குறைய மாறாமல் வருகிறது.

ஒரு மொழியில் எழுதியதை மற்ற இரண்டில் பெயர்த்து வைப்பது அரசர்களின் சாசனங்களில் புதுமையன்று. இக்கல்லின் விசேஷம் வேறு. இங்கே மொழி மாறும்போது தெய்வமும் மாறுகிறது. மாறாமல் நிற்பது காணிக்கையின் நிறை ஒன்றுதான். மூன்று தெய்வங்களும் ஒன்றே என்று கல் சொல்லவில்லை. மூவருள் ஒருவரே மெய், ஏனையோர் பொய் என்றும் சொல்லவில்லை. தராசை எடுத்து மூவருக்கும் ஒரே அளவாக நிறுத்து வைத்துவிட்டு மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தின் பொருள் யாது என்பதே நாம் இங்கே விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம். தன் தெய்வமே மெய்த்தெய்வம் என்று நம்புகிற ஒருவன், அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யாமலும் பாசாங்கு பண்ணாமலும், பிறனுடைய தெய்வத்தின் முன் கைகூப்ப இயலுமா?

இக்கேள்விக்கு நம் நாட்டில் உடனே கிடைக்கும் விடை ஒன்றுண்டு. நதிகள் பல, அவை போய்ச் சேரும் கடல் ஒன்று, சேர்ந்தபின் நதிகளுக்குப் பெயரும் இல்லை, உருவும் இல்லை, சமயங்களும் அவ்வாறே என்பது அந்த விடை. உபநிஷத காலந்தொட்டு வரும் உவமை இது. அதன் அழகையும் ஆழத்தையும் குறைத்துப் பேச நமக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: அது ஆற்றங்கரையில் அமர்ந்து கடலை நினைத்தவர்களின் உவமை. அவர்களுக்குக் கடல் என்பது முடிவு. அங்கே போன பெயர் திரும்புவதில்லை. கடலிலேயே வாழ்ந்தவனுக்கோ கடல் முடிவன்று, வழி. அந்த வழியின் மறுமுனையில் இருக்கும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒரு துறையை இன்னொரு துறை என்று மயங்கும் மாலுமி பாறையில் மோதுவான். ஆதலால், பெயர்கள் கரைந்துபோவதில் ஞானத்தைக் கண்டவன் ஆற்றங்கரை முனிவனாக இருக்க, பெயர்களைப் பிசகாமல் நினைவில் வைப்பதில் ஞானத்தைக் கண்டவன் கடலோடியாக இருந்தான். காலிக் கல் இந்த இரண்டாம் ஞானத்தைச் சேர்ந்தது என்பது என் துணிபு.

இந்த ஞானம் எவ்வாறு பிறந்தது என்று கேட்டால், அதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும். மற்றப் பெருங்கடல்களைப்போல் அல்லாமல், இந்துமாக்கடலின் வடபாதியில் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை திரும்புகிறது. கோடையில் ஆசியப் பெருநிலம் காய்ந்து அதன்மேலுள்ள காற்று லேசாகி எழ, கடற்காற்று தென்மேற்கிலிருந்து நிலத்தை நோக்கி விரைகிறது. குளிர்காலத்தில் நிலம் குளிர, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கித் திரும்புகிறது. நம் கரையோர மக்கள் வாடை என்றும் கொண்டல் என்றும் சோழகம் என்றும் கச்சான் என்றும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயரிட்டு வழங்கியதும், அராபியர் இதைப் 'பருவம்' என்று பொருள்படும் 'மௌசிம்' என்னும் சொல்லால் அழைத்ததும், அந்தச் சொல்லே ஐரோப்பியர் வாயில் 'மான்சூன்' ஆனதும் இந்தக் காற்றையே எல்லோரும் நம்பி வாழ்ந்தமைக்குச் சான்று. பாய்மரக் கப்பலில் ஏடனிலிருந்தோ ஹோர்முஸிலிருந்தோ கொல்லத்துக்கு வந்த வணிகன், சரக்கை விற்று முடித்த மறுநாளே புறப்பட இயலாது. காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அவன் அயல்நாட்டில் காத்திருக்க வேண்டும்.

சரித்திரம் எழுதுவோர் பிரயாணங்களை எழுதுகிறார்கள், காத்திருப்புகளை எழுதுவதில்லை. கடலைச் சூழ்ந்த சமுதாயங்கள் உருவானதோ காத்திருப்பில்தான். காத்திருந்தவனுக்குத் தங்க இடம் வேண்டும், சமைக்க ஆள் வேண்டும், நோய்கண்டால் மருந்து வேண்டும், தொழுகைக்கு ஓர் இடம் வேண்டும், இறந்துபோனால் ஆறடி மண் வேண்டும். சிலர் அங்கேயே மணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தாயின் மொழியில் பேசித் தந்தையின் வேதத்தை ஓதினார்கள். இவ்வாறு மேலைக் கரையில் மாப்பிள்ளைமாரும், சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் மரைக்காயரும் சோனகரும், கொச்சியில் யூதரும் வேர்கொண்டனர். சொற்கள்கூட இடம் மாறிக் குடியேறின. கப்பல் என்னும் நம் சொல்லை மலாய் மக்கள் 'காப்பால்' என்று எடுத்துக்கொண்டார்கள். கடை என்பதைக் 'கெடாய்' என்று வழங்கினார்கள். நாமோ நங்கூரத்தைப் பாரசீகரிடமிருந்து பெற்றுக்கொண்டோம். கப்பல் ஒருவருடைய சொல், அதை நிறுத்திவைக்கும் இரும்பு இன்னொருவருடைய சொல் என்று ஆனபின், இது யாருடைய கடல் என்று கேட்பதில் அர்த்தம் என்ன இருக்கிறது?

சாஸ்திரம் கடல் கடப்பதற்கு எதிராக நின்றது உண்மை. போதாயன தர்மசூத்திரம் கடற்பிரயாணத்தைச் சாதியிலிருந்து வீழ்த்தும் பாதகங்களின் வரிசையில் வைத்தது. கடல் கடந்த பிராமணனைச் சிராத்தத்துக்கு அழைக்கலாகாது என்றது மனுஸ்மிருதி. ஆயினும் அதே மனுஸ்மிருதி, வேறோர் அத்தியாயத்தில், கடல்வாணிகத்தில் வட்டி விகிதத்தைக் கடற்பிரயாணத்தில் தேர்ந்தவர்களே நிர்ணயிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறது. பந்தியில் இடமில்லை என்று தள்ளியவனையே வழக்கில் நிபுணனாக அழைக்க வேண்டியிருந்தது! 1888-இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்பட்ட இளைஞர் காந்தியைச் சாதிப் பிரஷ்டம் செய்யும் அளவுக்கு அந்த விலக்கு உயிரோடு இருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. நிலத்தின் தர்மம் ஒன்றாகவும் நீரின் தர்மம் வேறாகவும் இருந்தன. அவை இரண்டும் சந்தித்த இடம் துறைமுகம்.

அந்தச் சந்திப்பின் ஒரு காட்சியைக் கிட்டே நின்று பார்ப்போம். கி.பி. 849-இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் சபீர் ஈசோ என்னும் கிறிஸ்தவர் எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் அளித்துச் செப்பேடு வழங்கினார். செப்பேட்டின் உடல் வட்டெழுத்தில், அக்கால மலைநாட்டு மொழியில் இருக்கிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களை அது அறக்கொடையின் காவலர்களாகக் குறிப்பிடுகிறது. கொடுத்தவர் இந்து மன்னர். பெற்றது கிறிஸ்தவக் கோயில். இதுவரை கூறியதில் வியப்பில்லை. அரசர்கள் பல சமயத்தார்க்கும் கொடுத்ததுண்டு. வியப்பு கடைசி ஏட்டில் இருக்கிறது. அங்கே சாட்சிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் தத்தம் கையெழுத்தை இட்டிருக்கிறார்கள். சிலர் கூஃபி என்னும் அரபு எழுத்தில் எழுதுகிறார்கள், அவர்கள் முஸ்லிம்கள். சிலர் பஹ்லவி எழுத்தில் எழுதுகிறார்கள். அவர்களுள் கிறிஸ்தவரும் உண்டு, அக்கினியைப் போற்றும் ஜரதுஷ்டிர மதத்தினரும் உண்டு. இன்னும் சிலர் ஹீப்ரு லிபியில் பாரசீக மொழியை எழுதுகிறார்கள், அவர்கள் யூதர்கள். ஏடு பித்தளைநிறம் ஏறிய ஒரு செப்புத் தகடுதான். அதில் அக்கால உலகின் பாதி வேதங்கள் வரிசையாக நின்று, ஏசுநாதருடைய கோயிலுக்கு இந்த நிலம் உரியது என்று கூறுகின்றன.

சாட்சி என்பவன் யார்? அவன் சொல்லை ஏன் நம்புகிறோம்? பொய் சொன்னால் தன் தெய்வம் தன்னைத் தண்டிக்கும் என்ற அச்சம் அவனுக்கு உண்டு என்பதனால் அல்லவா? அந்த அச்சம் அற்றவனுடைய கையெழுத்துக்கு விலை ஏது? ஆகவே கொல்லத்து வணிகனுக்கு, எதிரே அமர்ந்த யூதன் நல்ல யூதனாகவும், பக்கத்தில் நின்ற முஸ்லிம் உறுதியான முஸ்லிமாகவும் இருப்பது வேண்டியிருந்தது. அவர்கள் தம் நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லத் தொடங்கினால், எந்தத் தெய்வத்தின்மேல் ஆணையிடச் சொல்லி அவர்களை நம்புவது? கடல் கடந்து அனுப்பிய மிளகுக்கும் பட்டுக்கும் பின்னால் சேனையும் இல்லை, பொதுவான நீதிமன்றமும் இல்லை. சத்தியம் ஒன்றே இருந்தது. அந்தச் சத்தியமோ ஒவ்வொருவனுடைய சொந்த வேதத்தில் வேரூன்றியது.

இங்கேதான் நமக்கு வழக்கமான 'சகிப்புத்தன்மை' என்ற சொல் போதாமல் போகிறது. சகிப்பது என்றால் வேண்டாததைப் பொறுத்துக்கொள்வது. கடற்கரைச் சமுதாயம் பிறன் மதத்தைப் பொறுத்துக்கொண்டது என்று சொல்வதைவிட, அது அவனிடம் இருக்க வேண்டும் என்று விரும்பியது என்று சொல்வதே பொருந்தும். என் சாட்சி என்னிலிருந்து வேறானவனாக இருக்க வேண்டும். என் நிழல் எனக்குச் சாட்சி சொல்ல ஏலாது. இதைத் தத்துவ மொழியில் சொல்ல வேண்டுமாயின், சத்தியத்துக்குப் பல முகங்கள் உண்டு, ஒருவனால் எல்லா முகங்களையும் ஒருங்கே காண முடியாது என்ற ஜைனரின் அநேகாந்தவாதம் இதற்கு அண்மையில் வருகிறது. அவ்வாதத்தைப் போற்றிய சமயம் பெரும்பாலும் வணிகர்களால் வளர்க்கப்பட்டது என்பது தற்செயலாக இராது. பிற சமயத்தை மதிப்பவன் தன் சமயத்தையே வளர்க்கிறான், பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்று அசோகன் தன் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில் அறிவித்ததும் இக்கருத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கடலை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் இருட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசர்கள் தம் மக்களின் வழிபாட்டுக்காகச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். சைவனாகிய முதலாம் இராஜராஜன், தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 8900 கலம் நெல் காணிக்கடன் உள்ள ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பிடியானையை நடத்தி ஊரின் எல்லையைக் குறித்தார்கள். தந்தை வாய்மொழியாக ஆணையிட்ட இந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் மகன் இராஜேந்திரன். அந்த இராஜேந்திரனே 1025-ஆம் ஆண்டளவில் அலைகடல் நடுவே பல கலம் செலுத்தி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கி, அதன் அரசனைச் சிறைப்பிடித்தான். கொடையைச் செப்பில் எழுதிய ஆணை யாருடையதோ, படையைக் கடலில் ஏவிய ஆணையும் அவனுடையதே. அதற்கும் பின்னர், 1090-இல், முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்து செப்பேடு தந்தான். கொடை, போர், மீண்டும் கொடை என்று நூற்றாண்டுக்குள் மூன்று திருப்பம்!

காலிக் கல்லின் கதையும் இதற்கு விலக்கன்று. மூன்று தெய்வங்களுக்கும் சரிநிறையில் காணிக்கை கொண்டுவந்த செங் ஹெ, வெறும் யாத்திரிகனாக வரவில்லை. 1405-இல் புறப்பட்ட அவனுடைய முதற் பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 27000 பேர் உடன் சென்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் போர்வீரர். கல் வந்து சேர்ந்த அந்தப் பயணத்திலேயே, இலங்கையில் அதிகாரம் செலுத்திய வீர அழகேசுவரனோடு மோதல் மூண்டது. சீனர் அவனைக் குடும்பத்தோடு பிடித்து 1411-இல் நான்சிங்குக்குக் கொண்டுபோயினர். சக்கரவர்த்தி பின்னர் அவனை விடுவித்தார் என்பது வேறு விஷயம். அன்றியும், கல்லை உற்று நோக்குபவன் வேறொன்றையும் காண்பான். அதில் சீனம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, பாரசீகம் இருக்கிறது. அந்தத் தீவின் பெரும்பாலான மக்கள் பேசிய சிங்களம் இல்லை. துறைமுகத்தில் வழங்கிய மொழிகளுக்கு இடம் கிடைத்தது. துறைமுகத்துக்குச் சோறு அளித்த நிலத்தின் மொழிக்குக் கிடைக்கவில்லை. கடலின் தர்மம் கடலோடிகளுக்குள் சமத்துவத்தைக் கண்டது; கரையில் நின்றவனை அது பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை. அடிமைகளாக விற்கப்பட்டு இதே பருவக்காற்றில் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களை அது எந்தச் சாட்சியின் வரிசையிலும் நிறுத்தவில்லை.

அப்படியானால் அந்தச் சரிநிறைக் காணிக்கை வெறும் ராஜதந்திரந்தானா என்று கேட்கலாம். தந்திரம் அதில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தந்திரக்காரன் எதைச் செய்தால் பலிக்கும் என்று பார்த்துத்தான் செய்வான். உலகில் அன்று ஒப்பற்றதாயிருந்த கடற்படையின் தலைவன், ஒரு சிறு தீவின் கரையில் இறங்குமுன் மூன்று மொழியில் கல்வெட்டி, மூன்று தெய்வங்களுக்கும் குறைவைக்காமல் நிறுத்துக் கொடுக்க வேண்டும் என்று கருதினான் என்றால், அந்தக் கரையில் நெடுங்காலமாக நிலைத்திருந்த வழக்கம் எத்தனை வலிமையுடையதாக இருந்திருக்க வேண்டும்! வலியவன் பணிந்தது தெய்வத்துக்கா, வழக்கத்துக்கா என்பது அவன் நெஞ்சுக்கே வெளிச்சம். பணிய வேண்டிய வழக்கம் ஒன்று இருந்தது என்பதற்குக் கல் சாட்சி. அந்த மனிதனுடைய வாழ்வும் ஒரே பெயருக்குள் அடங்குவதன்று. யுன்னான் நாட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவன். அவன் தந்தையும் பாட்டனும் ஹாஜி என்னும் பட்டம் தாங்கியவர்கள். அவனோ புத்தருக்குக் காணிக்கை வைத்தான், தன் கடைசிப் பயணத்துக்கு முன் 1431-இல் சீனக் கடலோடிகளின் தாயாகிய வானதேவிக்கு நன்றிக் கல் நாட்டினான்.

தெனவரைக் கோயிலைப் பற்றி நமக்கு ஒரு கண்கண்ட சாட்சியும் உண்டு. கல் வெட்டப்படுவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1344-இல், மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். பாரசீகம் அறிந்திருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிமுக்குத் துணையாக யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் வேறு பலரையும் கூட்டி அனுப்பினான். அந்த மலையை நம்மவர் சிவனொளிபாதம் என்கிறார்கள். சிங்களர் ஸ்ரீபாதம் என்று புத்தருக்கு உரியதாக வணங்குகிறார்கள். முஸ்லிம்கள் ஆதமின் அடி என்கிறார்கள். பாறையில் உள்ள பள்ளம் ஒன்று. அதில் பதிந்த பாதம் யாருடையது என்பதில் கூடச் சென்றவர்களுக்குள் உடன்பாடு இருந்திருக்க வழியில்லை. ஆனால் செங்குத்தான பாறையில் கட்டியிருந்த சங்கிலியைப் பற்றி ஏறுவதற்கு அந்த உடன்பாடு தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் அவர் தெனவரைக்கு வந்து, அவ்வூர் வணிகர் நிறைந்த பெரிய பட்டினம் என்றும், கோயிலில் பொன்னாலான திருவுருவத்தின் கண்களில் இரண்டு பெரிய மாணிக்கங்கள் பதித்திருந்தன என்றும், ஊரின் வருவாய் கோயிலுக்கே உரியதாய் அதைக்கொண்டு வருவோர்க்கெல்லாம் உணவளித்தார்கள் என்றும் எழுதிவைத்தார். அதை விக்கிரகம் என்று சொல்ல அவர் தயங்கவில்லை. அது தமக்கு உரிய தெய்வமன்று என்பதை மறைக்கவும் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார்.

இதற்கு மறுதலையாக வேறொரு வருகையை நினைத்துப் பார்க்கலாம். 1498-இல் வாஸ்கோ ட காமாவும் அவன் கூட்டத்தாரும் கள்ளிக்கோட்டையில் இறங்கியபோது, தெய்வச்சிலைகள் நிறைந்த இந்துக் கோயில் ஒன்றினுள் நுழைந்து, அதைத் தம் மதத்தவருடைய கோயிலென்றே எண்ணி மண்டியிட்டு வணங்கினார்கள். சுவரில் இருந்த உருவங்களுக்கு நான்கைந்து கைகளும் வாய்க்கு வெளியே நீண்ட பற்களும் இருப்பதைக் கண்டும், இவர்கள் இந்நாட்டுப் புனிதர்கள்போலும் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். மண்டியிட்டவருள் ஒருவனுக்கு மட்டும் ஐயம் தோன்றி, 'இவை பேய்களாயின் என் வணக்கம் மெய்யான தேவனுக்கே' என்ற கருத்தில் முணுமுணுத்தான் என்பது போர்த்துக்கீசியரின் சரித்திரத்திலேயே காணும் செய்தி. இது சிரிப்புக்குரிய பிழையாகத் தோன்றலாம். எனக்கு இதில் ஓர் எச்சரிக்கை தெரிகிறது. ஒன்று என்று எண்ணியதனால் பிறந்த வணக்கம் அது. வேறு என்று தெரிந்தபின் என்ன ஆயிற்று? அதே நாட்டவரின் கப்பல்கள், கார்த்தாஸ் என்னும் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைப் பிடித்துச் சூறையாடின. வழியாக இருந்த கடல், வாயிற்காவலன் நிற்கும் முற்றமாயிற்று. 1588-இல் அவர்களுடைய படைத்தலைவன் ஒருவன் தென்னிலங்கைக் கரையில் இறங்கி, தெனவரை நாயனாரின் கோயிலைக் கொள்ளையிட்டு எரித்துத் தகர்த்தான். சீனத்துப் பொன்னையும் பட்டையும் ஏற்ற சந்நிதி அவ்வாறு முடிந்தது. அவ்விடத்தை இன்று தெவிநுவர என்றும் தெய்வந்துறை என்றும் வழங்குகிறார்கள். பெயரில் மட்டும் தெய்வமும் துறையும் கூடி நிற்கின்றன.

ஆகவே, எல்லாச் சமயங்களும் ஒன்றே என்ற கொள்கையை அன்பின் அஸ்திவாரமாக வைப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது. அந்த ஒருமையை அனுபவத்தில் கண்ட ஞானிகளுக்கு அது அபாயமன்று. அவர்களைப்பற்றி நாம் பேசவில்லை. நம்போன்ற சாமானியர்கள், பிறனுடைய தெய்வத்தில் நம் தெய்வத்தின் சாயலைத் தேடி, அது கிடைத்த அளவுக்கே மரியாதை செலுத்தப் பழகுகிறோம். சாயல் மறைந்து, நான்கு கைகளும் நீண்ட பற்களும் தென்படும் நாளில், அந்த மரியாதை எங்கே போய் நிற்கும்? வேற்றுமையை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, அதன்மேல் கட்டப்பட்ட மரியாதை அவ்வாறு ஏமாறுவதில்லை; அது எதிர்பார்க்காத வேற்றுமை இனி எதுவும் வருவதற்கில்லை. நம் இல்லறத்தான் வாயிலில் வந்த அதிதியை உபசரிக்கும்போது, அவன் நம் உறவினன் என்பதற்காகவா இலை போடுகிறான்? உறவினனாயின் அவன் அதிதி ஆகான். அயலான் என்பதே அவனுக்கு அந்த இலையில் உள்ள உரிமை.

இந்தக் கரைகளில் இன்று பாய்மரங்கள் இல்லை. காற்றுக்குக் காத்திருப்பவரும் இல்லை. நீராவி வந்தது, எண்ணெய் வந்தது. எந்த நாளிலும் எந்தத் திசையிலும் போகலாம். சரக்கு முன்னிலும் பன்மடங்காகக் கடல் கடக்கிறது. கப்பலோடு வந்தவன் ஊருக்குள் வந்து ஓர் இரவு தங்குவதுகூட அரிதாகிவிட்டது. கலப்பு மிகுந்து பழக்கம் குறைந்த காலம் இது. அயலானோடு ஒரு பருவம் முழுவதும் ஒரே தெருவில் கழிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கியதனால், அவனைப்பற்றிக் கேள்விப்பட்டதே அவனைப்பற்றிய அறிவாகிவிடுகிறது. முன்னோர்க்குக் காற்று கட்டாயப்படுத்திக் கற்பித்ததை நாம் மனமுவந்து கற்க வேண்டியிருக்கிறது. அது இன்னும் கடினமான பாடம்.

காலியில் கண்டெடுத்த கல் இப்போது கொழும்பு அரும்பொருளகத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன் நிற்கும் தமிழன் ஒருவன், இடப்புறத்து மேற்பகுதியில் தன் எழுத்தைக் கண்டு, அரிதின் முயன்று சில சொற்களைக் கூட்டிப் படித்து, நாயனாரின் பெயரைக் கண்டு மகிழலாம். அதோடு அவன் கல்வி தீர்ந்தது. வலப்புறத்தில் நிற்கும் எழுத்து அவனோடு பேசாது. கீழே தேய்ந்து கிடக்கும் எழுத்தும் பேசாது. சீனன் வந்தால் அவனுக்குப் புத்தர் கிடைப்பார், நாயனார் கிடைக்கமாட்டார். மூன்று தெய்வங்களுக்கும் ஒரே நிறையாகக் கொடுக்கப்பட்டது என்ற செய்தி அந்தக் கல்லின் எந்த ஒரு பகுதியிலும் எழுதப்படவில்லை. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது புலப்படும். அதை அறிய விரும்புகிறவன், பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து, 'ஐயா, உங்கள் எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அவன் சொல்வதை நம்பவும் வேண்டும்.